மூடிக்கு அடியில் ஒரு பொட்டு

அத்தியாயம் ஆறு

சந்திரலேகாவுக்கு முழங்கால் வலித்தால் வழக்கு ஒன்று வரப்போகிறது என்று கடலூர் செம்மண்டலத்தில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டதே அவருடைய உதவியாளர் லூர்துசாமிதான் என்பதும் ஊருக்குத் தெரியும். முழங்கால் வருஷத்தில் முந்நூறு நாள் வலிக்கும். வழக்கு ஆறு வந்தால் அதிகம். அதிலும் நாலு, காணாமல்போன நாயும், கல்யாண மாப்பிள்ளை நிஜமாகவே இன்ஜினியரா என்கிற சந்தேகமும்தான்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபத்தாறு வருஷம், எரிந்த கடையையும் நொறுங்கிய லாரியையும் சுற்றிவந்து, இது தானாக எரிந்ததா, யாராவது எரித்தார்களா என்று எழுதிக்கொடுத்த அம்மாள். ரிடையர் ஆனதும் மற்றவர்களைப்போல சீரியல் பார்த்திருக்கலாம். ஜெராக்ஸ் கடை மாடியில் 'சந்திரலேகா துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டிவிட்டார். கீழே ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துச் சிரிப்பார்கள். பிறகு ஒருநாள், தெருவில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, அவர்களே மாடிப்படி ஏறுவார்கள். யார் யார் ஏறினார்கள் என்று கேட்டால் தெருவில் இருக்கும் நம்மால் தேதியோடு சொல்ல முடியும். இப்போது அது வேண்டாம்.

லூர்துசாமி, ரிடையரான கவர்ன்மென்ட் பஸ் கண்டக்டர். முப்பது வருஷம் கடலூர்–சிதம்பரம் ரூட்டில் விசில் ஊதியவர். ரிடையராகும்போது விசிலை டிப்போவில் ஒப்படைத்தார், வாயை ஒப்படைக்கவில்லை.

ஆயுத பூஜை முடிந்து பதின்மூன்றாம் நாள் காலை, இருவரும் ஆரோக்கியராஜின் ஒர்க்‌ஷாப்பில் ஆளுக்கொரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்கள். ஆரோக்கியராஜ், லூர்துசாமிக்கு மச்சான் முறை. மருந்தடிக்கும் ஸ்பிரேயர், புல் வெட்டும் மெஷின், மரம் அறுக்கும் மெஷின் எல்லாம் ரிப்பேர் பார்ப்பவர். வாசலில் கம்பெனியே கொடுத்த 'அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர்' போர்டு. அதைத் தினமும் காலையில் அவர் துணியால் துடைப்பதைப் பார்க்காதவர்கள் அந்தத் தெருவில் இல்லை.

விஷயம் இதுதான். சிதம்பரத்தில் மரம் வெட்டும் காண்ட்ராக்டர் கண்ணாயிரம். அவரிடம் வேலை செய்யும் எழிலன், எட்டு நாளைக்கு முன் சவுக்குத் தோப்பில், ஓடிக்கொண்டிருந்த மெஷினைக் கால் பக்கமாக இறக்கியிருக்கிறான். விரல், வேகம் கூட்டும் ரேஸ் விசையில் இல்லை. ரேஸ் கொடுக்காவிட்டால் மரம் அறுக்கும் பல் செயின் நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை. முழங்காலுக்குக் கீழே முப்பத்தொரு தையல். அந்தக் கால் இனிமேல் பழையபடி ஊன்றுமா என்று டாக்டர் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

கண்ணாயிரம் உடனே போலீசில் எழுதிக்கொடுத்துவிட்டார். மெஷின் கடைசியாகப் போனது செம்மண்டலம் ஆரோக்கியராஜிடம். கம்பெனி போட்ட மூடியைப் பிடுங்கிக் கார்பரேட்டரைத் திருகியவர் அவர்தான் என்று. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆரோக்கியராஜ் சிதம்பரம் ஸ்டேஷனில் இருக்க வேண்டும். போனால் அன்றே திரும்புவாரா என்பது நிச்சயமில்லை. கேஸ் பதிந்துவிட்டால் போர்டு நிச்சயம் போய்விடும்.

"மச்சான், இன்னா மூடி மூடின்னு எல்லாரும் சொல்றாங்க? எனக்குத் தெரிஞ்சது சோடா மூடிதான்" என்றார் லூர்துசாமி.

ஆரோக்கியராஜுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாத முகம். "கார்ப்ரேட்டர்ல ரெண்டு ஸ்க்ரூ இருக்கு மச்சான். இஞ்சினுக்கு எவ்ளோ பெட்ரோல் போவணும்னு அதுதான் தீர்மானிக்கும். வெளிய தொறந்தா பெட்ரோல் ஜாஸ்தி, புகை ஜாஸ்தி. உள்ள முறுக்குனா பெட்ரோல் கம்மி, புகையும் கம்மி. புகைச் சட்டத்துக்குத் தக்கன அளவு வச்சி, யாரும் கை வெக்கக் கூடாதுன்னு மேல பிளாஸ்டிக் மூடி போட்டு அனுப்புறான் கம்பெனிக்காரன்."

"மூடியப் புடுங்குனா?"

"புடுங்குன மெக்கானிக்கோட போர்ட அவன் புடுங்கிடுவான்."

சந்திரலேகா முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். "புகை கம்மியாகுறது நல்லதுதானே? அதுக்கும் செயின் ஓடுறதுக்கும் இன்னா சம்பந்தம்?"

"பெட்ரோல் கம்மியானா இஞ்சின் வறண்டுபோய்க் கத்தும்கா. ரேஸ் குடுக்காதப்ப ஓடுற வேகம் இருக்கே, ஸ்லோ, அது ஏறிடும். ஸ்லோ ஏறுனா, ரேஸ் குடுக்காமயே கிளட்ச் புடிச்சிக்கும். செயின் தானா ஊரும்."

"அந்த மூடிய நீங்க புடுங்கலையே?"

"மாதா மேல சத்தியமாத் தொடலக்கா."

"சர்வீஸ்ல என்னதான் பண்ணீங்க?"

"செயின் தீட்டுனேன், பில்டர் கழுவுனேன், பிளக் மாத்துனேன்" என்றார், முன்னால் இருந்த ஸ்பிரேயரைப் பார்த்துக்கொண்டே.

அந்த ஸ்பிரேயரை அவர் கழுவிய விதம் லூர்துசாமிக்கு விசித்திரமாக இருந்தது. டேங்க் பளபளத்தது. நடுவில் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் மண்ணும் எண்ணெயுமாக அப்படியே விட்டிருந்தார். அதன் மத்தியில் காய்ந்த சந்தனம், மேலே குங்குமம்.

"அந்த எடத்த மட்டும் இன்னாத்துக்கு மச்சான் உட்டு வச்சிருக்க? நீ மறந்துட்டியா, தண்ணி தீந்துபோச்சா?"

"பூஜைக்கு வச்ச பொட்டு. நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போறவன். நான் அதத் தொடச்சி அனுப்பிச்சா, 'சாமிக்கு வச்ச பொட்ட ஆரோக்கியராஜ் அழிச்சிட்டான்'னு ஊரு பேசும். பொட்டச் சுத்தித்தான் கழுவுவேன். கடை தொறந்ததுலேர்ந்து அப்படித்தான்."

பேசத்தான் செய்யும். போன வருஷம் ஒரு வாட்டர் சர்வீஸ்காரன் தண்ணீர் அடித்ததில் டிராக்டர் பொட்டு போய்விட்டது என்று ஒரு வாரம் பேசியிருக்கிறோம்.

சந்திரலேகா தேய்ப்பதை நிறுத்தினார். "கண்ணாயிரம் மெஷின்லயும் பொட்டு இருந்துச்சா?"

"உடம்பு பூரா. பூஜை முடிஞ்சி மூணாம் நாள்தானே கொண்டாந்தாங்க. நான் எதையும் தொடல."

சந்திரலேகா எழுந்துவிட்டார். எழுவதற்கு லூர்துசாமியின் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது. "வாங்க அண்ணே. சிதம்பரம் போவோம்."

"மேடம், ஸ்கூட்டர் பேட்டரி செத்துப்போச்சி."

"பஸ் சாகல இல்ல?"

* * *

பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது. ஜன்னல் கண்ணாடி நகரவில்லை. முதுநகர் தாண்டும்வரை கருவாட்டு வாடையும் பின்சீட்டுக் குழந்தையின் அழுகையும் கூடவே வந்தன. கண்டக்டர் பையன் டிக்கெட் கிழித்த அழகைப் பார்த்து லூர்துசாமி தலையில் அடித்துக்கொண்டார்.

"மேடம், தூங்குறீங்களா?"

"யோசிக்கிறேன்."

"குறட்டை வருதே."

"அண்ணே, உங்க மச்சான் நெஜம் பேசுற ஆளா?"

லூர்துசாமி கண்டக்டர் பையனிடமிருந்து பார்வையைத் திருப்பினார். "பொய் சொன்னா காது செவந்துடும் மேடம். என் தங்கச்சியப் பொண்ணு பாக்க வந்தப்பவே செவந்துச்சி. பீடி புடிக்க மாட்டேன்னாரு."

"காலைல செவக்கல. மூடியத் தொடலன்னு சொன்னது நெஜம்தான்" என்று கண்ணை மூடிக்கொண்டார் சந்திரலேகா. பரங்கிப்பேட்டைப் பிரிவு வரும்வரை அந்தக் கண் திறக்கவில்லை.

* * *

ஸ்டேஷனில் ஹெட் கான்ஸ்டபிள் காயத்ரி, மூன்று நாள் பந்தோபஸ்து முடித்த களைப்பில் ஒரு காலை ஷூவிலிருந்து பாதி வெளியே எடுத்துவைத்து எழுதிக்கொண்டிருந்தார். சந்திரலேகா தன் கார்டை நீட்டினார். காயத்ரி அதைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஜெராக்ஸ் கடை விளம்பரம் இருந்தது.

"மேடம், எனக்கு இன்னிக்கு இந்த பைலை மூடிட்டு வீட்டுக்குப் போகணும். மெக்கானிக் அஞ்சு மணிக்கு வருவாரு, ஐயா விசாரிப்பாரு, முடிஞ்சிடும்."

"அஞ்சு மணிக்குள்ள நானே மூடித் தர்றேன். மெஷின ஒருதடவ பார்க்கலாமா? நீங்களும் பக்கத்துல நில்லுங்க. போன்ல வீடியோ எடுத்துக்கிட்டே இருங்க."

வீடு சீக்கிரம் போகலாம் என்று சொன்னால் சிலர் எதற்கும் சம்மதிப்பார்கள். காயத்ரி ஷூவுக்குள் காலை நுழைத்தார்.

பின்கட்டில், செய்தித்தாள் விரித்து மெஷினை வைத்திருந்தார்கள். கூடவே கண்ணாயிரமும் வந்துசேர்ந்தார். தும்பைப் பூ வேட்டி, நெற்றி நிறையச் சந்தனம், பக்கத்தில் நின்றால் பூஜை அறைக்குள் நிற்பதுபோல வாசனை. தினம் ஒருமுறை ஸ்டேஷனுக்கு வந்து, 'கேஸ் எழுதியாச்சா?' என்று விசாரிப்பவராம்.

"யாரும்மா நீங்க? மெக்கானிக் வச்ச ஆளா?"

"முன்னாடி இன்ஷூரன்ஸ்ல இருந்தேங்க."

இன்ஷூரன்ஸ் என்ற சொல்லைக் கேட்டதும் கண்ணாயிரத்தின் முகம் கனிந்தது. சந்திரலேகா 'முன்னாடி' என்று சொன்னது அவர் காதில் ஏறவில்லைபோலும். சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"பாருங்க. புறவழிச்சாலைல புதுசா ஒரு கம்பெனி வளாகம் கட்டுறாங்க. தோப்பு அழிக்கிற வேலை நம்மளது. உள்ள வர்ற எந்த இஞ்சினும் புகை அளவுக்குள்ள இருக்கணும்னு அவுங்க ரூல். கேட்லயே கருவி வச்சிப் பாப்பாங்க. நம்ம மெஷின் பாஸ். சர்டிபிகேட்டே குடுத்தாங்க. இவ்ளோ சுத்தமா இருந்த மெஷின அந்த ஆளு நோண்டிட்டான்."

சந்திரலேகா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். தேதி, ஆயுத பூஜைக்கு முந்தின நாள். தலைப்பில் 'மறுபரிசோதனை' என்று அச்சிட்டிருந்தது. மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"ஒருதடவ ஸ்டார்ட் பண்ணிக் காட்டுறீங்களா? நாங்கள்லாம் ஓரமா நிக்கிறோம்."

கண்ணாயிரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றை இழுத்தார். மூன்றாவது இழுப்பில் பிடித்தது. ஸ்டேஷன் வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் எழும்பிப் பறந்தன. அவர் ரேஸிலிருந்து விரலை எடுத்துக் காட்டினார். இஞ்சின் வறண்ட குரலில் கத்திக்கொண்டே இருந்தது. செயின் நிற்காமல், தேர் நகர்வதுபோல, தன்பாட்டுக்கு ஊர்ந்தது.

"அம்மாடி" என்று காயத்ரி ஒரு அடி பின்னால் போனார். "தொடாமயே சுத்துதே."

"பாத்தீங்களா? மெக்கானிக் பண்ண வேலை!" என்று சத்தத்துக்கு மேலே கத்திவிட்டு, சுவிட்சை அணைத்தார் கண்ணாயிரம்.

மெஷின் ஆறும்வரை காத்திருந்து, சந்திரலேகா தரையில் உட்கார்ந்தார். அது ஒரு பெரிய காரியம். லூர்துசாமி ஒரு கை, காயத்ரி ஒரு கை. உட்கார்ந்தவர், கோயிலில் விக்கிரகத்தைப் பார்ப்பதுபோல அந்த மெஷினைச் சுற்றிப் பார்த்தார். கைப்பிடியில் பொட்டு. பெட்ரோல் டேங்க் மூடியில் பொட்டு. கயிறு இழுக்கும் இடத்துச் சல்லடை ஓட்டைகளில் சந்தனம் அப்பியிருந்தது. புகை வரும் குழாயில்கூட, வெந்து கறுத்துப்போய், ஒன்று. ஆரோக்கியராஜ் சொன்னதுபோல ஒன்றுகூட அழியவில்லை.

கைப்பிடிக்குப் பக்கத்தில் சட்டைப் பொத்தான் அளவில் இரண்டு சிவப்பு மூடிகள், இரண்டு குழிகளுக்குள். சுற்றிலும் பசை வெளுத்திருந்தது.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க" என்றார் சந்திரலேகா. குரலில் அசதியைத் தவிர எதுவுமில்லை. "ஆள் கால் போற அளவுக்கு ஆயிருக்கு. பூஜைல ஏதும் கொறை வச்சிட்டீங்களோ? வேலைக்காரங்ககிட்ட விட்டிருப்பீங்க."

கண்ணாயிரத்தின் மார்பு நிமிர்ந்தது. அடுத்தவர் தொழிலில் குறை சொன்னால்கூடப் பொறுப்பார்கள். பூஜையில் குறை சொன்னால் யார் பொறுப்பார்கள்?

"வேலைக்காரனா? எட்டு மெஷினுக்கும் நானே என் கையால வச்சேன். பூஜை முடியிற வரைக்கும் மெஷின் ஒண்ணும் ஷெட்ட உட்டு நகரல. சந்தனம் அரைச்சதுலேர்ந்து நாந்தான். ஒரு ஓட்டை, ஒரு திருகாணி உடல."

"இந்தச் செவப்பு மூடிக்குமா?"

"அதுக்குத்தான் மொதல்ல வச்சேன். ஒரிஜினல் கம்பெனி மூடி, அப்ப கெட்டியா இருந்துச்சி. கண்ணுல ஒத்திக்கிட்டு மேல பொட்டு வச்சேன்."

"வீடியோ ஓடுதாம்மா?" என்று திரும்பிப் பார்த்தார் சந்திரலேகா.

"ஓடுது மேடம்."

"இதக் கொஞ்சம் கிட்ட காட்டுங்க. உடம்பு பூராச் சந்தனம் இருக்கு. பொட்டு வச்ச எடத்த எங்க மெக்கானிக் தொடமாட்டாரு, குழாய்ல வச்சது வரைக்கும் இன்னும் நிக்குது. மொதல்ல பொட்டு வச்ச இந்த ரெண்டு மூடி மட்டும் மழைல நனைஞ்ச மாதிரி சுத்தமா இருக்கு. ஏன்?"

கண்ணாயிரம் வாயைத் திறந்தார். சந்தனம் உதிர்ந்திருக்கும் என்று சொல்ல வந்திருக்கலாம். அதற்குள் லூர்துசாமி குந்திவிட்டார்.

"புடுங்கவா மேடம்?"

"காயத்ரியம்மா சொல்லட்டும்."

காயத்ரி உள்ளே போய் இன்ஸ்பெக்டரிடம் கேட்டுவிட்டு வந்து தலையசைத்தார். ஸ்டேஷன் பெஞ்சின் உடைந்த காலிலிருந்து ஒரு திருகாணி கிடைத்தது. லூர்துசாமி அதை மூடிக்குள் முறுக்கி ஏற்றினார்.

"அண்ணே, நிதானம்."

"பஸ்ல பல்லு புடுங்குற பொடி வித்தவன் கூடவே முப்பது வருஷம் போயிருக்கேன் மேடம். கூட்டத்தப் பாத்துக்கிட்டே இழுக்கணும்பான்."

இழுத்தார். பசை 'டப்'பென்று விட்டது.

மூடி இருந்த குழிக்குள் ஸ்க்ரூ தெரியவில்லை. சந்தனம் தெரிந்தது. குழி நிறைய, காய்ந்து, ஏரிமண்போல மெல்லிசாக வெடித்த சந்தனம். நடுவில் அழகாக, ஒரு கைதேர்ந்த விரல் வைத்த குங்குமம். இரண்டாவது மூடிக்கு அடியிலும் அதுவே.

காயத்ரியின் போன் குனிந்து குனிந்து பார்த்தது.

"ஸ்க்ரூ தலைல ஒரு கோடு இருக்கும், டிரைவர் வைக்கிறதுக்கு" என்றார் சந்திரலேகா. "அந்தக் கோட்டுக்குள்ளயும் சந்தனம் காஞ்சி அடைச்சிருக்கு. பூஜைக்கு அப்புறம் யாராவது டிரைவர் வச்சிருந்தா இது உடைஞ்சி தூளாயிருக்கும். உடையல. அப்ப திருகுனது பூஜைக்கு முன்னாடி. பூஜையன்னிக்கு மூடியே இல்ல. பொட்டு வச்சதுக்கு அப்புறம்தான் மூடிய ஒட்டியிருக்காங்க. மெஷின் மெக்கானிக் கைக்குப் போனது பூஜை முடிஞ்சி மூணாம் நாள்."

"எழிலன் வச்சிருப்பான்..." என்றார் கண்ணாயிரம்.

"நானே என் கையால, ஒரு ஓட்டை உடலன்னு இப்பதான் சொன்னீங்க ஐயா" என்று எழுந்தார் லூர்துசாமி. "சவுண்டோட பதிவாயிருக்கு. கம்பெனி மூடிய விட உங்க சந்தனம் நல்ல சீலு."

கண்ணாயிரம் பெஞ்சின் உடைந்த பக்கமாகப் போய் உட்கார்ந்தார். தும்பைப் பூ வேட்டியில் சந்தனத் தூள் விழுந்தது. அதைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"மொதல்தடவ புகை ஜாஸ்தின்னு கேட்லயே நிறுத்திட்டான் மேடம். ஒரு வேலைக்காக எத்தினி பேரக் கும்பிட்டேன் தெரியுமா? போன்ல வீடியோ பாத்து நாந்தான் மூடியப் புடுங்கி உள்ள முறுக்குனேன். புகை நின்னுபோச்சி. பாஸ் ஆயிடுச்சி. மெஷினும் நல்லா கத்துச்சி, வேகமா அறுத்துச்சி. செயின் லேசா ஊருச்சி, அது இன்னா பெரிய விஷயம்னு இருந்துட்டேன். சர்வீஸுக்கு அனுப்பணுமேன்னு மூடிய ஒட்டுனேன். மூடி இல்லன்னா வாரண்டி கெடையாது."

"அப்புறம் அந்த மெக்கானிக் மேல எழுதிக் குடுத்தீங்க?" என்றார் காயத்ரி.

"இன்னா பண்றது, யாரு மேலயாவது எழுதணுமே. அவனும் மெஷினப் பாத்தான்ல? ஒரு வார்த்தை சொல்லலையே."

காயத்ரி அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். லூர்துசாமி இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிச் சோம்பல் முறித்தார். "முடிஞ்சிச்சி. மேடம், நாலு மணி கூட ஆவல. ஒரு காபி சாப்பிட்டுட்டு, மச்சான் வந்ததும் ஒண்ணாப் பஸ் ஏறிடலாம்."

சந்திரலேகா தரையிலிருந்து எழவில்லை. செயினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

* * *

ஆரோக்கியராஜ் நாலே முக்காலுக்கே வந்துவிட்டார். கையில் மஞ்சள் துணிப்பை. உள்ளே துண்டு, பிரஷர் மாத்திரை, ஒரு செட் மாற்றுத் துணி. ஒர்க்‌ஷாப் சாவியை வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாராம். யாரிடம் என்ன சொல்லிவிட்டுக் கிளம்பினார் என்பதெல்லாம் மறுநாள் நமக்குத் தெரியத்தான் செய்தது. அது கேட்கச் சகிக்கிற விஷயமில்லை.

காயத்ரி நிமிர்ந்து பார்த்து, "நீங்க போலாங்க. உங்க மேல ஒண்ணும் இல்ல. தேவைப்பட்டா சாட்சிக்குக் கூப்பிடுவோம்" என்றார்.

ஆரோக்கியராஜுக்குப் புரியவில்லை. லூர்துசாமி அவரை வராந்தா பெஞ்சுக்கு இழுத்துக்கொண்டுபோய், சந்தனத்தையும் பல்லுப்பொடியையும் தன் பங்கைக் கொஞ்சம் கூட்டியும் சொன்னார். பாதியிலேயே ஆரோக்கியராஜ் அழ ஆரம்பித்துவிட்டார். சந்திரலேகாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"போர்டு தப்பிச்சிதுக்கா."

"தப்பிச்சிது" என்றார் சந்திரலேகா. கையை எடுத்துக்கொள்ளாமலே கேட்டார். "சர்வீஸ் முடிச்சதும் மெஷின ஓட்டிப் பார்த்தீங்களா?"

"பாக்காம எப்படிக்கா அனுப்புவேன்?"

"பூஜைக்கு அப்புறம் அந்த ஸ்க்ரூவ யாரும் தொடல. அதத்தான் மத்தியானம் நிரூபிச்சேன். இன்னிக்கு மத்தியானம் எப்படி ஓடுச்சோ, உங்க கடைலயும் அப்படித்தானே ஓடியிருக்கணும்?"

லூர்துசாமி தன் மச்சானின் காதைப் பார்த்தார். இரண்டு காதும் சிவந்திருந்தன.

"மேடம், அதான் உட்டுட்டாங்களே..." என்றார் லூர்துசாமி.

ஆரோக்கியராஜ் பையை மடியில் வைத்துக்கொண்டார். "ஊர்ந்துச்சிக்கா. மூடியச் சுத்திப் பசை வெளுத்திருந்துச்சி. பாத்த ஒடனே தெரிஞ்சிபோச்சி, இவங்களே நோண்டியிருக்காங்கன்னு. ஸ்லோவுக்கு மூடி இல்லாத வேற ஸ்க்ரூ இருக்கு, அத மட்டும் கொறைச்சிப் பாத்தேன், இஞ்சின் ஆஃப் ஆயிடுச்சி. மூடிய எடுத்தாத்தான் சரி பண்ண முடியும். நான் எடுத்தா போர்டு போயிடும். கம்பெனிக்கு எழுதிப் போட்டா கண்ணாயிரம் எட்டு மெஷினையும் வேற எடத்துக்குக் கொண்டுட்டுப் போயிடுவாரு. திரும்ப ஸ்லோவ இருந்த எடத்துலயே வச்சிட்டேன்."

"கண்ணாயிரத்துக்கிட்ட வாயால சொல்லியிருக்கலாமே?"

"அவரு வரல. மெஷின எடுத்துட்டுப் போக எழிலன்தான் வந்தான். 'அண்ணே, எல்லாம் சரியா இருக்கா?'ன்னு கேட்டான்."

வராந்தாவுக்கு வெளியே கடலூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அதன் நேரம் சரியா என்று லூர்துசாமி கடிகாரம் பார்க்கவில்லை.

"யாரும் உங்கள இதக் கேக்கல. கேக்கவும் மாட்டாங்க" என்றார் சந்திரலேகா. அவருக்கு ரொம்ப அசதியாக இருந்தது. "நான் உங்களுக்காக வந்தவ. என் வாயிலேர்ந்தும் வராது. வாங்க, அடுத்த பஸ்ஸப் புடிப்போம்."

"அப்ப எதுக்கு மேடம் கேட்டீங்க?" என்றார் லூர்துசாமி. முதல்முறையாக அவர் குரலில் கோபம் இருந்தது.

சந்திரலேகா எழுவதற்கு அவர் தோளை நோக்கிக் கை நீட்டினார்.

மூவரும் எழுந்தார்கள். படி இறங்கும் இடத்தில் ஆரோக்கியராஜ் நின்றார். பையை லூர்துசாமியின் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு, வாசலில் கழற்றிய செருப்பைப் போடாமலே திரும்பி உள்ளே நடந்தார்.

காயத்ரி ஷூவை மாட்டி, பைலைக் கட்டி, நாற்காலியைத் தள்ளி எழுந்துகொண்டிருந்தார். "என்னங்க, எதையாவது மறந்துட்டீங்களா?"

"ஒண்ணு எழுதணும்மா."

காயத்ரி அவர் முகத்தைப் பார்த்தார். வாசலில் நின்ற இருவரையும் பார்த்தார். பிறகு ஒரு பெருமூச்சோடு மறுபடி உட்கார்ந்து, பைல் கயிற்றை அவிழ்த்து, ஒரு புதுத் தாளை எடுத்தார்.

"சொல்லுங்க. எதுலேர்ந்து ஆரம்பிக்கிறது?"

"எழிலன் கேட்டதுக்கு, சரியா இருக்குன்னு நான் சொன்னதுலேர்ந்து" என்றார் ஆரோக்கியராஜ்.